கறியை விலக்கிக் குழம்பை ஊற்றுகிறோம்

"டாக்டர் கறி கூடாதுன்னுட்டார். குழம்பை மட்டும் ஊத்திக்கோங்க." சிறுநீரகம் பழுதானவர் இருக்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கேட்கும் பேச்சு இது. கரண்டியின் முதுகால் துண்டுகளை ஒதுக்கி, சாற்றை மட்டும் சோற்றில் விடுவார்கள். அளந்து கொடுக்கக்கூடியது சட்டியில் தங்க, தவிர்க்க வேண்டியது தட்டுக்கு வருகிறது.

கோழி வெந்தாலும் அதன் புரதம் பெரும்பாலும் துண்டிலேயே இருக்கும். சாற்றில் இறங்குவது பொட்டாசியமும் ஓரளவு பாஸ்பரசும். போட்ட உப்பில் பெரும்பங்கும் அங்கேதான். 100 கிராம் தக்காளியில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு; அதே எடைக் கோழிக்கறியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அரைத்துவிட்ட தேங்காயில் இன்னும் கூடுதல்.

நாட்டுக்கோழி சூப் இதைவிட மோசம். உடம்பு தேறட்டும் என்று மிளகு தட்டிப்போட்டு பிளாஸ்கில் கொண்டுவருவார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அது அளந்து குடிக்கவேண்டிய தண்ணீர்க் கணக்கிலும் சேரும். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். வலியோ காய்ச்சலோ முன்கூட்டி எச்சரிக்க வேண்டும் என்பதில்லை.

உப்பைக் குறைக்கிறோம் என்று 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குபவர்கள் பாக்கெட்டின் பின்புறம் பார்க்கட்டும். சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. 2025 ஜனவரியில் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமே, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களை அதிலிருந்து விலக்கி வைத்தது. இந்துப்போ, பெயர் வேறானாலும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

இனி துண்டின் கணக்கு. அமெரிக்கத் தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2020 வழிகாட்டுதல்படி, சர்க்கரை நோய் இல்லாமல் 60 கிலோ எடையுள்ளவருக்கு, நோய் மூன்றாம் நிலையையோ அதற்கு மேலோ எட்டி டயாலிசிஸ் தொடங்காத கட்டத்தில், மருத்துவக் கண்காணிப்போடு நாளுக்கு 33 முதல் 36 கிராம் புரதம். எலும்பு நீக்கி வெந்த கறி 100 கிராமில் மட்டும் 30 கிராமுக்கு நெருங்கிய புரதம் இருக்கிறது. இட்லி, பருப்பு, சோற்றுக்கு மிச்சம் ஏது? அதே ஆள் டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் 60 முதல் 72 கிராம் வரை தேவை. அப்போது கறியைப் பயந்து ஒதுக்குவதுதான் தவறு. பக்கத்துப் படுக்கைக்காரரின் உணவுப் பட்டியலைக் கேட்டு எழுதிக்கொள்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

நக்கெட்ஸ், சாசேஜ் வகையறா வேண்டாம். லேபிளில் ஐஎன்எஸ் 450, 451, 452 என்றிருந்தால் அது பாஸ்பேட். கறியில் இயல்பாக உள்ள பாஸ்பரசில் பாதியளவுதான் உடலில் ஏறும்; சேர்த்த பாஸ்பேட் 90 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும்.

கோழியைச் சிறு துண்டுகளாக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சமைப்பவருக்கு மனமே வராது. பிறகு வெங்காயம், பூண்டு, மிளகுத்தூளோடு வாணலியில் பிரட்டலாம். எத்தனை துண்டு என்பதை ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மருத்துவரோ உணவியல் நிபுணரோ சொல்ல வேண்டும்.