களப்பின் ஓரத் தண்ணீர்: மீன்குஞ்சுகளின் நாற்றுமேடை

உங்களில் பலருடைய குடும்பங்கள் 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தவை. 2009 யுத்தத்தில் மறுபடியும் இடம்பெயர்ந்து, இப்போது முல்லைத்தீவுக்குத் திரும்புகிறீர்கள். காணி வேலையும் கூலி வேலையும் செய்து பழகியவர்களுக்கு நந்திக்கடலின் ஓரம் வெறும் சேற்றுத் தண்ணீராகத் தெரியலாம். ஆனால் உங்கள் கறிச்சட்டிக்கு வரும் மீனில் ஒரு பங்கு அங்கேதான் வளர்கிறது.

தேயிலைக் கன்றை யாரும் நேராக மலையில் நடுவதில்லை. நாற்றுமேடையில் நிழல் கட்டி, பையில் வளர்த்த பிறகே நடுவார்கள். முழங்கால் ஆழமுள்ள களப்போரம் மீனுக்கு அப்படி ஓர் இடம். குஞ்சுகளைத் தின்னும் பெரிய மீன்கள் அவ்வளவு குறைந்த தண்ணீருக்குள் அதிகம் வருவதில்லை. இரையும் அங்கே நிறைய.

நாக்குமீனைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். தட்டையான உடம்பு, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். முட்டையிலிருந்து வரும்போது அது அப்படி இல்லை. மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்துதான் நீந்தும். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கம் போய்விடும். கேட்டால் நம்பமாட்டீர்கள், ஆனால் உண்மை. பிறகு தரையில் படுத்து, மண்ணை மேலே தூவி ஒளிந்துகொண்டு, புழுக்களையும் பொடி இறால்களையும் தின்னும். அந்த வயதில் அதற்கு மென்மையான மண் வேண்டும்.

இறாலுக்கும் களப்பு வேண்டும். தாய் இறால் கடலில் முட்டையிட, குஞ்சுகள் களப்புக்குள் வந்து வளரும். பதுளையில் கார்த்திகை, மார்கழியில் கொட்டும் அதே வடகீழ்ப் பருவமழைதான் இங்கே களப்பை நிரப்பி, வட்டுவாகல் பக்கம் முகத்துவாரத்தைத் திறந்துவிடுகிறது. மீனும் இறாலும் போய்வரும் வழி அது.

ஓரத்தில் சிறுகண் வலையை இழுத்தால் ஒரு கறிக்கும் காணாத குஞ்சுகள்தான் சிக்கும். விட்டிருந்தால் அவை அடுத்த பருவத்துப் பிடி. தங்கூசி வலை சட்டப்படி தடை, மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவேண்டாம். விறகுக்குக் கண்டல் வெட்டாதீர்கள். வீடு கட்டி மிஞ்சும் கல், சீமெந்துக் கட்டிகளை ஓரத்தில் கொட்டவும் வேண்டாம். எந்த வலை, எந்த இடம் என்பதை உங்கள் கிராமத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் முதலில் கேளுங்கள்.

மிதிவெடி அகற்றி முடிந்ததாகக் கிராம அலுவலர் சொல்லாத கரையில், மீனுக்கோ விறகுக்கோ இறங்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.