கல் கேட்கும் மங்கள வார்த்தை

சிகாகோ நகரின் வடமேற்கு ஓரத்தை ஒட்டியுள்ள நைல்ஸ் என்னும் ஊரில், 1872-ஆம் ஆண்டு முதல் போலந்துக் குடியேறிகளைத் தன் மண்ணில் ஏற்றுவரும் புனித அடால்பெர்ட் கல்லறைத் தோட்டத்தைப் போன்ற இடங்களுக்கு, தம் பூர்வீகம் எது என்று அறியும் ஆவலோடு வருகிற பேரப்பிள்ளைகள், அதற்கு முன்பே காகிதங்களோடு மல்லுக்கட்டி அலுத்தவர்களாகவே இருப்பார்கள். கப்பல் பிரயாணிகளின் ஜாபிதாவிலும் ஜனத்தொகைக் கணக்கிலும் பாட்டனாரின் ஜன்மபூமி ஓரிடத்தில் ருஷ்யா, மற்றோரிடத்தில் ஆஸ்திரியா, வேறோரிடத்தில் ஜெர்மனி என்று காணும். போலந்து மண் இம்மூன்று ஆட்சிகளில் பிரிந்து கிடக்க, 1795 முதல் 1918 வரை சுதந்திரப் போலந்து என்றொரு தேசம் பூகோளப் படத்திலேயே இல்லாதபோது, குமாஸ்தாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால், சாம்ராஜ்யங்களின் காகிதம் மறைத்த கிராமத்தின் பெயரைச் சில சமயம் கல் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

அத்தகைய கல்லை எதிர்வெயிலில் பார்த்தால் வெறும் வெண்பலகைதான். பக்கவாட்டிலிருந்து ஒரு நிலைக்கண்ணாடியால் வெயிலைச் சாய்த்து வீசினால், எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கி, 'து ஸ்போச்சிவா', அதாவது 'இங்கே இளைப்பாறுகிறாள்' என்ற வாசகம் மெல்ல எழுந்து வரும். அடுத்து வரும் பெயர் நோவாகோவா என்றிருந்தால் அவள் நோவாக்கின் மனைவி. நோவாகுவ்னா என்றிருந்தால் கன்னியாகவே மறைந்த மகள். 'ஸ் டோமு' என்ற இரு சொற்களுக்குப் பின்னால் இருப்பது அவள் பிறந்த வீட்டின் குலப்பெயர். வம்சாவளி தேடுவோருக்கு இது புதையல். பிறந்த தேதிக்குப் பதிலாக, வாழ்ந்த வயது மட்டும் சில கற்களில் உண்டு. பாக்கியம் இருந்தால் கிராமமும், அது சேர்ந்த மாதாகோவிலின் பங்கும், ருஷ்ய ஆட்சிக்கு உட்பட்டிருந்த பகுதியாயின் மாகாணமும் கூடக் கிடைக்கும். பங்கின் பெயர் இன்றியமையாதது. ஏனெனில் 'நோவா வியெஷ்', நம் வழக்கில் சொன்னால் 'புதூர்', போலந்தில் எண்ணற்றவை.

கல் வெட்டுபவனும் பிழை செய்வான், துக்க வீட்டார் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார்கள், ஞானஸ்நானப் பதிவேடே பிரமாணம் என்று ஆவணக் காப்பகத்தார் கூறுவர், அதுவும் நியாயமே. ஆனால் எந்தப் பங்கின் பதிவேட்டைத் திறப்பது என்று வழிகாட்டுவது யார்? அன்றியும், ருஷ்ய ஆட்சியில் 1868-க்குப் பின் அந்தப் பதிவேடுகளே ருஷ்ய மொழியில் எழுதப்பட்டன. தாயகத்து ஏட்டில் தாய்மொழிக்கு இல்லாமற்போன இடம், அந்நிய மண்ணின் கல்லில் இருந்தது.

அந்த இடமும் இப்போது கரைந்துகொண்டிருக்கிறது என்பதே நம் கவலை. சலவைக்கல்லை அமில மழை சர்க்கரையைப் போல் அரிக்கிறது. மென்மையான தூரிகையும் தெளிந்த நீரும் போதுமென்றிருக்க, பாசியைப் போக்கும் ஆசையில் வெளுப்புத் திராவகத்தை ஊற்றுகிற பாசக்காரர்கள் மழையின் வேலையைச் சுலபமாக்குகிறார்கள். இன்னும் சிலர், பழங்கல்லைப் பெயர்த்துவிட்டுப் பளபளக்கும் கருங்கல்லை நாட்டி, அதில் ஆங்கிலத்தில் பெயரையும் இரண்டு வருஷங்களையும் மட்டும் பொறிக்கிறார்கள். பிறந்த வீடும் பிறந்த ஊரும் பழங்கல்லோடு போய்விடுகின்றன. இதைக் காட்டிலும் மழை தேவலை. அது நிதானமாக அழிக்கிறது.

கல் நிலைத்தாலும் மொழி நிலைப்பதாயில்லை. பல கற்களின் அடியில், 'ப்ரோஸி' என்று தொடங்கும் கடைசி வரி ஒன்று உண்டு. தன் ஆத்மாவுக்காக மங்கள வார்த்தை ஜெபம் ஒன்று சொல்லும்படி, கடந்து செல்வோரை இறந்தவள் கேட்கும் வேண்டுகோள் அது. கொள்ளுப்பேரன் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, பெயரையும் வயதையும் ஊரையும் கவனமாகக் குறித்துக்கொள்கிறான். அந்த வரியில் பெயரோ எண்ணோ இல்லையாதலால், நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போகிறான்.