ஒரு கோப்பைக்குள் மூன்று வித்தை

டீக்கடை இல்லாத ஊர் இன்று தமிழ்நாட்டில் கிடையாது. நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போன குடும்பங்கள்தான் நம்முடையவை. டீ குடிக்கும் பழக்கம் தானாக வரவில்லை. ஏற்றுமதியாகும் தேயிலைக்குத் தீர்வை விதிக்கும் சட்டம் 1903-ல் வந்தது. அதைக் கேட்டு வாங்கியவர்களே தோட்ட முதலாளிகள்தான். அந்தப் பணம், டீ குடிக்க ஆள் சேர்ப்பதற்குச் செலவானது. 1930-களில் உலகச் சந்தையில் விலை விழுந்ததும் அவர்களுடைய கண் நம் அடுப்படிப் பக்கம் திரும்பியது.

சந்தைப்படுத்தல், விளம்பரம், பிரசாரம் மூன்றும் ஒன்றுதான் என்கிறவர்களிடம் நான் இந்தக் கோப்பையைத்தான் நீட்டுவேன்.

முழுப் பெட்டி வாங்க வழியில்லாதவருக்குக் காலணாப் பொட்டலம் கட்டினார்கள். ஆலைத் தொழிலாளி களைத்துப்போகும் நேரம் பார்த்து வாசலில் டீ போட்டார்கள். இது சந்தைப்படுத்தல்: ஆளின் பைக்கும் பொழுதுக்கும் ஏற்றபடி சரக்கை அளப்பது. ரயில் நிலையங்களில் எனாமல் பலகை மாட்டி, டீ போடும் பக்குவத்தை அந்தந்த ஊர் மொழியில் எழுதிவைத்தார்கள். இது விளம்பரம். ஏதோ விற்கிறார்கள் என்பது பார்த்தவுடனே புரிகிறது. வேண்டாமென்றால் நடையைக் கட்டலாம்.

மூன்றாவது அப்படி லேசில் விடுவதில்லை. டீ உடம்புக்கு ஆகாது என்று காந்தி எழுதியிருந்தார். தோட்டங்களில் பெரும்பகுதி வெள்ளைக்காரர்கள் கையில் இருந்தது. ஆனாலும் 1947-ல் ஒரு சுவரொட்டி வந்தது. ராட்டையோடு சேலை கட்டிய பெண், கூடவே டீக்கோப்பை. தேயிலை நூற்றுக்கு நூறு சுதேசி என்று அது சொன்னது. யாருடைய தோட்டம், லாபம் யாருக்கு என்ற கேள்வி ராட்டைக்குப் பின்னால் போய்விட்டது. பிரசாரம் நம் பையைத் தொடுவதற்கு முன்பு, எது நல்லது, எது நம்முடையது என்ற நினைப்பில் கை வைக்கிறது.

போலியோ சொட்டு மருந்துக்குச் செய்ததும் பிரசாரம்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே சொல்கிறவர் யார் என்று ஊருக்கே தெரியும்.

என் கவலை எல்லாம் இப்போது கைப்பேசியைப் பற்றித்தான். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகள் போன வாரம் சொன்னாள்: "பெரியம்மா, வெறும் பால் குடிச்சா வளர மாட்டோமாம். ஒரு பொடி கலக்கணுமாம்."

"யாருடி சொன்னா?"

"அக்கா."

தெருவில் எந்த அக்கா என்று யோசித்தேன். அவள் போனைக் காட்டினாள். பணம் வாங்கிச் செய்த பதிவென்றால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று 2021-லேயே நெறிமுறை வந்துவிட்டது. தேடினேன், இருந்தது. அந்தப் பெண் பேசியதெல்லாம் நல்ல தமிழ். காசு வாங்கிய விஷயம் மட்டும் ஒற்றை ஆங்கிலச் சொல்லாக, அடியில், பத்துப் பதினைந்து குறிச்சொற்களுக்கு நடுவில் கிடந்தது. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை அதை எங்கே கண்டுபிடிப்பாள்?

"இப்படிச் சொல்றதுக்கு அந்த அக்காவுக்குப் பணம் குடுத்திருக்காங்கம்மா" என்றேன்.

"நல்லதைச் சொன்னா பணம் குடுக்க மாட்டாங்களா, பெரியம்மா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டாள்.