ஆற்றங்கரையில் பிடிக்கும் நோய்

மணல் தூவியது போல

மலாவி ஏரிக்கரையிலும் ஜாம்பியாவின் ஆற்றோரங்களிலும் துணி துவைப்பது, தண்ணீர் எடுப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை. அந்தத் தண்ணீரில் வாழும் நத்தைகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள் வெளிவந்து, தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். அங்கே வளரும் புழு இடும் முட்டைகள் சிறுநீர்ப்பையில் மட்டுமல்லாமல் கருப்பைவாயிலும் சிக்கிக்கொள்கின்றன. பில்ஹார்சியா எனப்படும் இந்த நோய் பெண்ணுறுப்பையும் தாக்கும் என்பது 1899-லேயே எகிப்தில் பதிவாகிவிட்டது. இன்று ஆப்பிரிக்காவில் சுமார் 5.6 கோடிப் பெண்களுக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நோயின் பெயரே தெரியாது.

வெள்ளைப்படுதல், அரிப்பு, உறவின்போது வலி, இடையிடையே ரத்தக்கசிவு என்று ஒரு பெண் மருத்துவமனையில் சொன்னதும் பால்வினை நோய்க்கான மாத்திரை எழுதப்படுகிறது. அது புழுவை ஒன்றும் செய்யாது. தொல்லை தீராமல் அவள் மறுபடி வரும்போது சந்தேகம் அவள் ஒழுக்கத்தின் மேல் விழுகிறது. மணமாகாத பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! பெண்ணுறுப்பை விரித்துக் கருப்பைவாயைப் பார்த்தால் மணல் தூவியது போன்ற மஞ்சள் திட்டுகள் தெரியும். அந்தப் படங்களைச் சட்டைப்பையில் வைக்கும் அளவு கையேடாக உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்டது.

பார்க்க ஆள் உண்டா?

மருத்துவர்களும் கருவிகளும் இல்லாத ஊரில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். ஜாம்பியாவில் 2006 முதல் நர்சுகளே கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள். அதே மேசை, அதே விளக்கு. திட்டுகளையும் தேடிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். வெறும் கண்ணை நம்ப முடியாது என்பது நியாயமான ஆட்சேபம்தான், பழகிய நிபுணர்களே திட்டுகளைப் பற்றி மாறுபடுவதுண்டு. சிறுநீர்ப் பரிசோதனையும் முழுத் துணையாகாது. சிறுநீரில் முட்டை இல்லாதவளுக்கும் கருப்பைவாயில் இருக்கலாம். ஆனால் ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் பகுதி ஆய்வில் பெண்கள் வீட்டிலேயே பஞ்சுக்குச்சியால் பெண்ணுறுப்பிலிருந்து மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். ஆய்வகத்தில் புழுவின் மரபணு அதில் தேடப்பட்டது. ஆய்வகமும் எட்டாத இடத்தில், சிறுவயதிலிருந்து எந்தத் தண்ணீரில் புழங்கினீர்கள் என்று கேட்டுவிட்டு பிரசிகுவான்டெல் கொடுக்கலாம். உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே வேளை.

பள்ளிகளில்தான் அந்த மாத்திரையைக் கொடுக்கிறார்களே, கண்டறிதல் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. பள்ளியை விட்டு நின்ற பெண்ணையும் அவள் தாயையும் அது எட்டுவதில்லை. பெரியவர்களுக்கும் 2 வயது முதலான குழந்தைகளுக்கும் விரிவுபடுத்தச் சொல்லி 2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் வந்திருக்கிறது, நல்லதே. ஆனாலும் மாத்திரை உயிருள்ள புழுவைத்தான் கொல்லும். திசுவில் புதைந்த முட்டைகளும் அவை உண்டாக்கிய தழும்புகளும் எளிதில் போவதில்லை. கருக்குழாய்வரை பாதிப்பு போனால் பிள்ளைப்பேறே தடைபடலாம். பதின்மூன்று வயதில் பிடிபட வேண்டிய நோய், குழந்தையில்லை என்று முப்பதில் மருத்துவமனைக்கு வரும்போதுதான் தெரியவருகிறது. அதுவும் பார்க்கத் தெரிந்தவர் இருந்தால்.