பசியும் வேட்கையும்

நுழையும்முன்

உண்பது உயிர் வாழ்வதற்கு. வயிறு நிறைந்த பின்னும் கை நிற்க மறுப்பதும், உண்டு முடித்தபின் மனம் குறுகி வருந்துவதும் இளையோர் பலர் வெளியில் சொல்லத் தயங்கும் துன்பங்களாகும். இத்துன்பத்தின் காரணத்தை அறிந்தால் அதனைக் கடக்கும் வழியும் புலப்படும். தமிழ்க் காப்பியமும் நாஞ்சில் நாட்டு உணவு மரபும் இன்றைய மருத்துவ அறிவும் அவ்வழியை எவ்வாறு காட்டுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

காப்பியம் காட்டும் தீராப் பசி

கன்னியாகுமரி மாவட்டத்தின் வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் உயர்ந்து நிற்பது பொதிகை. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகை என்னும் விஞ்சையர் மகளின் துன்பம் இம்மலைச்சாரலில் தொடங்குகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே உண்ணும் விருச்சிக முனிவர், தமக்குரிய நாவற்கனியை ஆற்றங்கரையில் வைத்துவிட்டு நீராடச் சென்றார். அவ்வழியே செருக்கோடு வந்த காயசண்டிகை அக்கனியைக் காலால் சிதைத்தாள். முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் நோய் அவளைப் பற்றியது. எவ்வளவு உண்டாலும் அடங்காத பசியே அந்நோய். கணவன் கொணர்ந்து குவித்த காயும் கனியும் கிழங்கும் அவள் பசியைத் தணிக்கவில்லை. இறுதியில் புகார் நகரில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து பரிவோடு இட்ட உணவை உண்டபின்னரே அவள் பசி தீர்ந்தது.

இது காப்பியப் புனைவு. ஆயினும் அதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. காயசண்டிகையைப் பெருந்தீனிக்காரி என்று காப்பியம் இகழவில்லை. நோயுற்றவள் என்றே இரங்குகிறது. அவளுக்குத் தீர்வாக அமைந்ததும் பட்டினி அன்று. உரிய உணவும் பிறர் காட்டிய பரிவுமே. அடங்காத உண்ணல் வேட்கையைப் பற்றி இன்றைய மருத்துவம் கூறுவதும் பெரிதும் இதனோடு ஒத்துச் செல்கிறது.

மிகையுண்ணல் என்பது யாது?

விருந்தில் வழக்கத்தைவிடச் சற்று மிகுதியாக உண்பது நோயாகாது. ஓணத்தன்றோ திருமண வீட்டிலோ இன்னும் ஒரு கரண்டிப் பிரதமனைக் கேட்டுப் பெறுவது மகிழ்ச்சியின் பகுதி. மிகையுண்ணல் இதனின்றும் வேறானது. குறுகிய நேரத்தில் மிகப் பெரிய அளவில் உண்பதும், ‘என்னால் நிறுத்த இயலவில்லை’ என்னும் உணர்வு உடன் எழுவதும் அதன் இரு அடையாளங்கள். பசியில்லாதபோதும் உண்ணல், விரைந்து உண்ணல், வயிறு வலிக்கும் அளவுக்கு உண்ணல், பிறர் காணாதவாறு தனித்து உண்ணல், பின்னர் தன்னையே வெறுத்தல் ஆகியவை அதனோடு சேர்ந்து வருவன.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு 1959ஆம் ஆண்டிலேயே இத்தகைய உண்ணும் முறையை விவரித்தார். எனினும், 2013ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதனைத் தனியொரு கோளாறாக ஏற்றது. வாரத்திற்கு ஒருமுறையேனும் என்ற அளவில் மூன்று மாதங்கள் இந்நிலை தொடர்ந்தால் அது மருத்துவர் கவனிக்க வேண்டிய கோளாறு என்று அக்கையேடு வரையறுக்கிறது. ஆண், பெண் இருபாலரிடமும் இது காணப்படுகிறது. இக்கோளாறு உடையவர் அனைவரும் பருத்த உடலினர் அல்லர். பருத்த உடலினர் அனைவருக்கும் இக்கோளாறு இருப்பதும் இல்லை. ஆகவே, உடலைப் பார்த்து ஒருவரின் உணவுப் பழக்கத்தை மதிப்பிடுவது பிழையாகும்.

பட்டினி தரும் மறுமொழி

உடல் எடை கூடிவிட்டது என்று கவலையுறும் மாணவர் ஒருவர் காலை உணவைத் தவிர்க்கிறார். நண்பகலில் பெயருக்குச் சிறிது உண்கிறார். மாலையில் தனிப்பயிற்சி வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது உடல் தளர்ந்து, மனம் சலித்திருக்கிறது. இரவில் கைக்கு எட்டியதையெல்லாம் உண்கிறார். உண்டபின் குற்றவுணர்வு எழுகிறது; ‘நாளை ஒன்றும் உண்ணேன்’ என்று உறுதி பூணுகிறார். மறுநாள் இரவு அதே நிகழ்வு மீண்டும் நேர்கிறது. பட்டினி, மிகையுண்ணல், குற்றவுணர்வு, மீண்டும் பட்டினி என இச்சுழல் நீள்கிறது. மாணவர் இதனைத் தம் மனவுறுதியின் குறையென எண்ணுகிறார். உண்மையில் அது பட்டினிக்கு உடல் தரும் மறுமொழியே.

இதனை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944 - 45ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர், உடல்நலம் மிக்க 36 இளைஞர்களை அவர்களது இசைவுடன் ஆய்வுக்கு உட்படுத்தினார். ஆறு மாதக் காலம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே வழங்கப்பட்டது. நாள்கள் செல்லச் செல்ல அவர்களின் சிந்தனை முழுவதையும் உணவே நிறைத்தது. சிலர் சமையல் நூல்களைச் சேர்க்கத் தொடங்கினர். எரிச்சலும் சோர்வும் தனிமை நாட்டமும் மிகுந்தன. பின்னர் மீண்டும் போதிய உணவு அளிக்கப்பட்டபோது, அவர்களுள் சிலர் வயிறு நிறைந்த பின்னரும் நிறைவு காணாது உண்டனர். ஆய்வுக்கு முன்னர் அவர்களிடம் இத்தகைய பழக்கம் இருந்ததில்லை. பட்டினியே அதனை விளைவித்தது.

தெரிந்து தெளிவோம்

பசியையும் நிறைவையும் மூளைக்கு உணர்த்தும் ஹார்மோன்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் 1994ஆம் ஆண்டிலும், பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் 1999ஆம் ஆண்டிலும் கண்டறியப்பட்டன. கிரெலின் பசியைத் தூண்டுகிறது. உடலில் சேமிப்பு போதிய அளவில் உள்ளது என்பதை லெப்டின் அறிவிக்கிறது. நீண்ட நேரம் உண்ணாதிருந்தால் கிரெலின் மிகுகிறது. உறக்கம் குறைந்தாலும் பசியுணர்வு மிகுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

நாஞ்சில் நாட்டு இலை

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் நெல்வயல்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு உணவுச் செழிப்புக்குப் பெயர்பெற்றது. நாஞ்சில் என்னும் சொல்லுக்கே கலப்பை என்பது பொருள். அம்மண்ணின் விருந்தில் வாழையிலையில் அவியல், எரிசேரி, துவரன், பச்சடி, ஏத்தங்காய் உப்பேரி எனப் பல தொடுகறிகள் சிறிது சிறிதாக இடம்பெறும். பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம், பிரதமன், மோர் என ஒவ்வொன்றும் முறையாகப் பரிமாறப்படும். பந்தியில் அமர்ந்தவர் அடுத்தது வரும்வரை காத்திருப்பார், அருகிலிருப்போருடன் உரையாடுவார், போதுமென்று தோன்றியதும் கைகாட்டி மறுப்பார். மெதுவாக உண்ணும்போது நிறைவின் செய்தி மூளையை அடையக் காலம் கிடைக்கிறது. அமர்ந்து உண்ணல், பிறருடன் உண்ணல், காத்திருந்து உண்ணல் ஆகிய மூன்றும் அளவைக் காக்கும் இயல்பான வேலிகள்.

அதே ஏத்தங்காய் உப்பேரி பொட்டலத்தில் அடைக்கப்பட்டு, நள்ளிரவில் கைபேசித் திரையைப் பார்த்தவாறு தனிமையில் உண்ணப்படும்போது அவ்வேலிகள் மறைகின்றன. கை எடுப்பதும் வாய் மெல்லுவதும் கவனத்திற்கு வருவதில்லை. ஆகவே, மாற வேண்டியது பெரும்பாலும் உண்ணும் முறையே. ‘இனி முந்திரிக்கொத்தைத் தொடவே மாட்டேன்’ என்று விலக்கிய பண்டமே மனத்தில் மேலும் பெரிதாக வளரும். அதனை ஒரு தட்டில் எடுத்துவைத்து, குடும்பத்தாருடன் அமர்ந்து, சுவையறிந்து உண்பதே நலம் பயக்கும்.

வேளைதோறும் உண்ணல்

மிகையுண்ணலுக்குரிய உளவியல் சிகிச்சையில் முதற்படி ஒழுங்கான உணவே. மூன்று வேளை உணவும், அவற்றிற்கிடையே இரண்டு சிற்றுண்டிகளும் குறித்த நேரத்தில் உண்ணப்பட வேண்டும். விழித்திருக்கும் பொழுதில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்கு மேல் வயிறு வெறுமையாக இருத்தல் ஆகாது. இதற்கு விலையுயர்ந்த உணவு வேண்டுவதில்லை. காலையில் இட்லியோ கஞ்சியும் பயறுமோ போதும். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், கன்னியாகுமரிக்கே உரிய மட்டிப்பழம் அல்லது அவித்த மரச்சீனிக்கிழங்குடன் சிறிது மீன்கறி ஏற்றது. மாலைப்பசி இவ்வாறு தணிந்தவர்க்கு இரவின் வேட்கை வலிமை குன்றும்.

ஒருநாள் மிகுதியாக உண்ண நேர்ந்தாலும் மறுவேளை உணவைத் தவிர்த்தல் கூடாது. அடுத்த உணவை வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவில் உண்பதே சுழலை அறுக்கும் வழி.

அலையைக் கடத்தல்

ஒழுங்காக உண்பவர்க்கும் சிற்சில வேளைகளில் வேட்கை எழக்கூடும். தேர்வு அச்சம், நண்பருடன் பிணக்கு, தனிமை, சலிப்பு ஆகியவை அதனைத் தூண்டும். வயிற்றுப்பசி மெல்ல மெல்ல வளரும். எளிய உணவாலும் தணியும். மனத்தின் வேட்கை திடீரென எழும். குறிப்பிட்ட ஒரு பண்டத்தையே நாடும். வயிறு நிறைந்தாலும் அடங்காது. இவ்வேறுபாட்டை உணர்வதே பாதி வெற்றி.

ஆலன் மார்லட் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், பழக்கத்திற்கு அடிமையானோரைக் காக்கும் முயற்சியில் வேட்கையைக் கடலலைக்கு ஒப்பிட்டார். குளச்சலிலும் முட்டத்திலும் கடலைக் கண்டு வளர்ந்தோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். அலை எழும், உச்சத்தை அடையும், பின் தானே சரிந்து கரையில் அடங்கும். கட்டுமரத்தில் செல்லும் மீனவர் அலையோடு மல்லுக்கு நிற்பதில்லை; அதன் போக்கறிந்து மேலேறிக் கடக்கிறார். அவ்வாறே வேட்கையும் தன் உச்சத்தைத் தொட்டபின் தணியும் இயல்புடையது.

அந்நேரத்தைக் கடக்கச் சில எளிய வழிகள் உண்டு. ‘இப்போது வேட்கை எழுகிறது’ என்று மனத்திற்குள் பெயரிட்டுக் கூறலாம். மூச்சின் போக்கைச் சிறிது நேரம் கவனிக்கலாம். சமையலறையை விட்டு அகன்று தெருவில் நடக்கலாம், செடிக்கு நீர் வார்க்கலாம், நண்பருடன் பேசலாம். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் வேட்கை எழுந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், சில வாரங்களில் அதன் காரணம் தெளிவாகும். ஒவ்வோர் அலையையும் கடக்க இயலாமற்போகலாம்; கடந்த ஒவ்வோர் அலையும் அடுத்ததைக் கடக்கும் நம்பிக்கையை வளர்க்கும்.

நலமான எடை

2019 - 21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் ஆண்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினரும் மிகை எடை உடையோர். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றிற்கு மிகை எடை வழிவகுக்கும் என்பதால் இது கருதத்தக்கதே. ஆயினும், வளரும் பருவத்தினரின் எடையைப் பெரியவர்களுக்குரிய அளவுகோலால் அளத்தல் பொருந்தாது. வயது, பால், உயரம் ஆகியவற்றைக் கருத்தில் கொண்ட வளர்ச்சி வரைபடத்தைக் கொண்டே மருத்துவர் அதனை மதிப்பிடுவார்.

நலமான எடை என்பது நல்ல பழக்கங்களின் விளைவு. தட்டின் பாதியளவு காய்களும் கீரைகளும் கனிகளும், எஞ்சிய பகுதியில் சோறு அல்லது சிறுதானியமும், பருப்பு, மீன், முட்டை போன்றவையும் அமைதல் சிறப்பு. உலகச் சுகாதார நிறுவனம் 17 வயது வரையுள்ளோர்க்கு நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேர உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. பதின்பருவத்தினர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும் தேவை.

நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் (1876 - 1954) உடல்நலம் பற்றிய தம் பாடலில் இவற்றையே எளிய தமிழில் பாடினார். காலையும் மாலையும் உலாவுதலையும் இரவில் நன்கு உறங்குதலையும் போற்றிய அவர், அளவின்றி வாரி உண்பது நோய்ப்படுக்கையில் வீழ்த்தும் என எச்சரித்தார். திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின் அளவோடு உண்பதையே பெரிதும் வலியுறுத்துகிறார். அளவு என்பது மிகாமையை மட்டுமன்றிக் குறையாமையையும் குறிக்கும்.

சொல்லும் துணிவு

மிகையுண்ணல் மறைவில் வளர்வது. ‘குண்டு’ என்னும் கேலிச்சொல் ஒருவரை மேலும் மறைவுக்குத் தள்ளுகிறது. மறைவு வேட்கையை வளர்க்கிறது. ஆகவே, வகுப்பறையில் எவருடைய உடலையும் கேலிப்பொருளாக்காதிருத்தல் ஒவ்வொரு மாணவரின் கடமையாகும். இத்துன்பம் உடையவர் பெற்றோரிடமோ நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ ஒருமுறை மனந்திறந்து கூறினாலே சுமை பெரிதும் குறையும். வேட்கை அடிக்கடி எழுந்தாலும், உண்டதை வெளியேற்ற முயலும் எண்ணம் தோன்றினாலும், நாள் முழுதும் பட்டினி கிடக்கத் தோன்றினாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். ஆசாரிப்பள்ளத்தில் அமைந்த கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இதற்குரிய உதவி பெறலாம். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இக்கோளாறு குணமாகக்கூடியது, உதவி கேட்பதே அதன் முதல் மருந்து.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு முதியோரிடம் அக்கால உணவுவேளைகளையும் சிற்றுண்டிகளையும் கேட்டறிந்து, இன்றைய முறையோடு ஒப்பிட்டு எழுதுக.
2. ‘கேலிச்சொல் இல்லாத வகுப்பறை’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.
3. காயசண்டிகையின் துன்பம் தீர்ந்த முறை இன்றைய மருத்துவக் கருத்தோடு எவ்வாறு ஒத்துள்ளது என்பதை விளக்குக.