நாடியும் நரம்பும்

வயிறு நோகிறது என்று குழந்தை அழுகிறது. மேல்வயிறா, அடிவயிறா, விலாப்புறமா என்று மருத்துவர் வினவினால் விழிக்கிறது. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் பயிலும் குழந்தைக்கோ இவ்விடர் இரு மடங்காகிறது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இதனை நன்கு அறிவர்.

கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் இந்நிலையைக் காணலாம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல, பிழைப்புத் தேடிப் பெயர்ந்து வந்தவை அல்ல. எல்லைக்கோடே அவர்களுடைய உறவினர் நடுவே வந்து விழுந்தது.

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்கள் பள்ளி விடுமுறைக் காலம். அப்போது சிற்றூர் நூலகங்களிலும் பள்ளி முற்றங்களிலும் சிறுவர் முகாம்கள் நடத்துவது அங்குள்ள நல்வழக்கங்களுள் ஒன்று. 1945-இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் தொடங்கிய நூலக இயக்கமும், 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் இதற்கு ஊக்கம் அளித்தவை. இத்தகைய முகாமில் ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள சிறார்க்கு உடலைப் பற்றி எவ்வாறு கற்பிக்கலாம்?

வண்ணப்படத்தைச் சுவரில் மாட்டி உறுப்புகளின் பெயரை ஒப்பிக்கச் செய்வது வீண்வேலை என்றே கருதுகிறோம். அதனினும் ஒரு பழைய செய்தித்தாள் நன்று. 1816-இல் பாரிசு நகரில் இலென்னெக் என்னும் மருத்துவர், நோயுற்ற ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசினார். தாளைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே கேட்டார். இதயத்தின் ஒலி முன்னினும் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப்பு பிறந்த வரலாறு இதுவே. சிறாரும் தாளைச் சுருட்டி ஒருவர் நெஞ்சொலியை மற்றவர் கேட்கட்டும். மலையாளத் தாளாயினும் தமிழ்த் தாளாயினும் குழல் ஒன்றுதான்!

அடுத்து மணிக்கட்டில் துடிப்பை எண்ணச் செய்யலாம். பெருவிரலுக்கே தனித்துடிப்பு உண்டாதலால் மற்ற இரு விரல்களை வைத்தே எண்ணவேண்டும். அமர்ந்திருக்கையில் ஒரு நிமிடம் எண்ணி, முற்றத்தை இருமுறை ஓடிச் சுற்றி வந்தபின் மீண்டும் எண்ணினால், எண்ணிக்கை ஏறியிருக்கும். ஏன் ஏறியது என்பதைச் சிறாரே ஆராயட்டும். ஆசிரியர் முந்திக்கொண்டு விடை கூறலாகாது. குருதி ஈரலில் பிறந்து உடலெங்கும் செலவழிந்துபோகிறது என்றே ஐரோப்பியக் கற்றோர் நெடுங்காலம் நம்பினர். ஆங்கில மருத்துவர் ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். அரைமணி நேரத்தில் இதயம் வெளித்தள்ளும் குருதி, உடலில் உள்ள மொத்தக் குருதியினும் மிகுதி என்று கண்டார். அவ்வளவு குருதி உண்ணும் உணவிலிருந்து புதிதாகப் பிறக்க இயலாது; சென்ற குருதியே சுற்றி மீள்கிறது என்று 1628-இல் நூல் எழுதி வெளியிட்டார். கூட்டல் அறிந்த குழந்தைக்கு இது விளங்கும்.

சித்திரை வெயிலும் ஒரு பாடமே. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. வியர்வை உலரும்போது உடலும் அவ்வாறே குளிர்கிறது. வளர்ந்தவரின் சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம். அவ்வளவு நீளமான கயிற்றை முற்றத்தில் விரித்துக் காட்டினால் சிறார் வியப்பர். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 300 எலும்புகள், வளர்ந்தவர்க்கோ 206. எஞ்சியவை எங்கே போயின என்று வினவுக. ஒன்றோடொன்று இணைந்துவிட்டன.

இனிச் சொற்களுக்கு வருவோம். கண், மூக்கு, வயிறு, விரல், குடல் ஆகியன இரு மொழிக்கும் ஏறத்தாழப் பொது. சென்னைக் குழந்தை நூலில் மட்டுமே காணும் 'செவி' என்னும் சொல்லை நெய்யாற்றின்கரைக் குழந்தை நாள்தோறும் மொழிகிறது. உடலின் உள்ளே செல்லச் செல்ல வழிகள் பிரிகின்றன. நம் நுரையீரல் அங்கே 'சுவாசகோசம்', கல்லீரல் 'கரள்', சிறுநீரகம் 'விருக்க'. பெரிய குழப்பம் நாடியில்தான். தமிழில் நாடி என்றால் மணிக்கட்டின் துடிப்பு. சிலர் மோவாயையும் அவ்வாறு சுட்டுவர். மலையாளப் பாடநூலிலோ 'நாடி' என்பது நாம் நரம்பு என்று கூறுவது. அதே நரம்பு, 'ஞரம்பு' என உருமாறி, பேச்சு வழக்கில் குருதிக் குழாயையும் குறிக்கிறது. மொழிபெயர்ப்போரையே இடறச்செய்யும் இவ்விடத்தில் எட்டு வயதுக் குழந்தை இடறுவதில் வியப்பென்ன?

ஆகவே ஒரு குழந்தையைச் சிமிட்டித் தரையில் படுக்கவைத்துச் சுண்ணக்கட்டியால் உடலின் வடிவத்தைச் சுற்றி வரைக. ஒருபுறம் வீட்டுச் சொல்லையும் மறுபுறம் பள்ளிச் சொல்லையும் எழுதச் செய்க.

அவ்வடிவத்தில் ஆடை மறைக்கும் பகுதிகளைப் பெயரின்றி விடலாகாது. வீடுதோறும் அவற்றிற்குச் செல்லப்பெயர்கள் உண்டு. வேற்றுமொழி ஆசிரியையிடம் குழந்தை அச்சொல்லைக் கூறி முறையிட்டால், அவருக்கு விளங்காது; முறையீடு அங்கேயே மடிந்துவிடும். உரிய பெயரை இருமொழியிலும் கூசாமல் கற்பிக்கவேண்டும். அவ்விடங்களைப் பிறர் தொட முயன்றால் மறுத்துரைக்கவும், உடனே தாயிடமோ ஆசிரியையிடமோ கூறவும், அவர் செவிசாய்க்காவிடின் வேறொருவரிடம் கூறவும் பழக்கவேண்டும். இக்குற்றங்களுக்கெனவே 2012-இல் போக்சோ சட்டம் இயற்றப்பட்டது. 1098 என்னும் குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணை அச்சித்திரத்தின் அருகிலேயே எழுதிவைக்கலாம்.

தில்லியிலோ மும்பையிலோ முகாம் கிடைக்காவிடினும் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். பள்ளிச் சொல்லைக் குழந்தை கொண்டுவரும். வீட்டுச் சொல்லுக்குப் பாட்டியை நாடுக. பிடரி, புறங்கை, கெண்டைக்கால், குதிகால், விலா என்று அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார்.