பழைய பெட்டியின் குரல்

பழமையைப் பேணுதல் என்பது பழையதன் ஓர் அணுவையும் தொடாதிருத்தலா? இலக்கிய அரங்குகளில் நாம் அடிக்கடி எழுப்பும் இந்த வினாவுக்கு, பற்றாசுக்கோலைக் கையிலேந்தி ஒரு மரப்பெட்டியின் முன் அமர்ந்து விடை தேட நேருமென நான் எண்ணியதில்லை.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நான் வாழ்ந்த காலம் அது. அயல்வீட்டு முதியவர் ஒருவர் தம் தமையனாரின் கித்தார் அம்பிளிபயரை என்னிடம் கொண்டுவந்தார். 1960களில் செய்யப்பட்ட வால்வுப் பெட்டி. இரவு விடுதிகளில் அதனை வைத்து வாசித்த தமையனார் மறைந்தபின், பல்லாண்டுகள் மூலையிற் கிடந்தது. விசையைத் தட்டியதும் இசைக்கு முன்னே ஓர் இரைச்சல் எழுந்தது. வானொலி திருத்துவது என் பொழுதுபோக்கென்பதை அவர் அறிவார். ஆயினும் ஒரு நிபந்தனை விதித்தார். “உள்ளே எதனையும் மாற்றாமல் திருத்தித் தாருங்கள். இது என் அண்ணனின் குரல்.”

அந்நகரத்தில் இத்தகைய பெட்டி வெறும் தட்டுமுட்டுச் சாமானன்று. 1943இல் மிசிசிப்பியிலிருந்து அங்கு வந்த மடி வாட்டர்ஸ், விடுதிகளின் ஆரவாரத்தில் மரக்கித்தாரின் ஒலி அமிழ்ந்துபோவதைக் கண்டு மின்கித்தாரை ஏந்தினார். தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்களின் பாடல், அங்கே வால்வுகளின் வழியாகப் பேசத் தொடங்கியது. முதியவரின் அச்சம் எனக்கு விளங்கியது.

இரைச்சலைக் கூர்ந்து கேட்டேன். அமெரிக்க மின்சாரம் செக்கனுக்கு 60 சுழற்சிகள் கொண்ட ஆடலோட்டம். சீராக்கி வால்வு அதனை ஒருதிசைப்படுத்தும்போது 120 துடிப்புகள் பிறக்கின்றன. நான் கேட்டது அந்த 120இன் சுருதி. துடிப்புகளை அடக்கிச் சமனாக்குவது கொண்டென்சரின் கடமை. பாடநூல்கள் இதனைக் கொள்ளளவி என்னும். மாரியில் நிறைந்து கோடையில் மடைவழி ஈயும் குளம்போல, துடிப்பின் உச்சியில் மின்னைத் தேக்கி, தாழ்வில் வழங்கும். இதனுள்ளே இரு அலுமினியத் தகடுகளும், இடையில் மின்பகு திரவம் தோய்ந்த தாளும் சுருண்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் திரவம் வற்றும். குளம் தூர்ந்தால் வயல் என்ன செய்யும்?

பெட்டியைத் திறந்தேன். செருகியை இழுத்துவிட்டதால் ஆபத்து நீங்கிற்றென நினைப்பது பேதைமை. சில நிமிடங்கள் கழித்தும் வோல்ற்றுமானி 200க்கு மேற் காட்டியது. மனித இதயத்தை நிறுத்த அது போதும். ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தடையி ஒன்றின் வழியே அம்மின்னை மெல்ல வடித்தேன். வடித்தபின்னும் சிறிது தானே மீண்டெழுவது அதன் இயல்பு. ஆதலால் மறுபடியும் அளந்தேன். மாணவ நண்பர்கள் பழகியவர் துணையின்றி இப்பணியில் இறங்கலாகாது.

கொண்டென்சர்கள் வீங்கியிருந்தன, முனைகளில் உப்புப் படிந்திருந்தது. முதியவரை அழைத்துக் காட்டினேன். “உங்கள் அண்ணனின் குரல் வால்வுகளிலும் நிலைமாற்றிகளிலும் ஒலிபெருக்கியிலும் இருக்கிறது. இவை பழுதுற்றுக் குறுக்குச் சுற்றானால் மின்நிலைமாற்றியும் எரியக்கூடும். இவற்றைக் காத்தால் அக்குரலை இழப்போம்” என்றேன். நெடுநேரம் மௌனமாயிருந்தவர், கழற்றியவற்றைத் தம்மிடமே தரவேண்டுமென்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பழையவை 16 மைக்கிரோபரட்டு, 450 வோல்ற்று. புதியவையும் அதே கொள்ளளவு, தாங்கும் அழுத்தம் மட்டும் 500. பெரிதாயின் நன்றெனக் கூட்டிவிடலாகாது. ஜி. இசட். 34 என்னும் சீராக்கி வால்வு, தன்னை அடுத்த கொண்டென்சர் 60 மைக்கிரோபரட்டுக்கு மேற்பட்டால் தாங்காது. அன்றியும், வலிந்து மீட்டுகையில் அழுத்தம் சற்றே தளர்ந்து மீள்வதும் அக்குரலின் ஒரு பகுதி. நேர்முனை, மறைமுனை பிசகாது ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன்.

முதன்முறை மின்னூட்டும்போது, முன்னெச்சரிக்கையாக ஒரு மின்குமிழைத் தொடராக இணைத்தேன். அது பளிச்சிட்டு, பின் மங்கியது. உள்ளே குறுக்குச் சுற்றில்லை. வால்வுகள் செந்தணலாயின. பெட்டியிலிருந்து ஓர் ஒலியும் இல்லை.

“வேலை செய்யவில்லையா?” என்று முதியவர் கலங்கிக் கேட்டார். இரைச்சலோடு பழகிய செவிக்கு நிசப்தமே பழுதாகத் தோன்றிற்று.

நான் கித்தாரை அவர் கையிற் கொடுத்தேன். ஒரு நரம்பைச் சுண்டினார். அந்த ஒலி அறையெங்கும் நிறைந்து மெல்லத் தேய்ந்தது. அவர் அடுத்த நரம்பைத் தொடவில்லை, கண்களை மூடிக்கொண்டார். கழற்றிய கொண்டென்சர்கள் அவருடைய சட்டைப்பையில் இருந்தன. அவர் தமையனாரின் குரலோ பெட்டியில் இருந்தது.